பிராவோவா, பிராவாவா? மேடைக் கலைஞரைப் பாராட்டும் இத்தாலியச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓப்பரா என்னும் இசைநாடகத்தின் காட்சி ஒன்றை யூடியூபில் போட்டுப் பாருங்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டல் மழையாகக் கொட்டும். அதற்கு நடுவே மேல்மாடியிலிருந்து ஒரு குரல் "பிராவா!" என்னும். கொஞ்சம் முன்னால் வேறொருவர் பாடியபோது அதே குரல் "பிராவோ!" என்றது. காதில் சரியாக விழவில்லையோ என்று சந்தேகம் வரும். சரியாகத்தான் விழுந்திருக்கிறது. முதலில் பாடியவர் ஆண், அடுத்துப் பாடியவர் பெண்.

இத்தாலிய மொழி படிக்கத் தொடங்கியதிலிருந்து நண்பர்கள் என்னிடம் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

பிராவோ, பிராவா, பிராவி, பிராவே: என்ன வித்தியாசம்?

தமிழ் தெரிந்தவருக்கு இது மிகச் சுலபம். நம்மிடம் கெட்டிக்காரன், கெட்டிக்காரி, கெட்டிக்காரர்கள் என்று இருக்கிறதல்லவா? அதேதான். ஓர் ஆணைப் பார்த்துச் சொன்னால் பிராவோ. ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னால் பிராவா. பல ஆண்கள், அல்லது ஆணும் பெண்ணும் கலந்த குழு என்றால் பிராவி. பெண்கள் மட்டுமே உள்ள குழு என்றால் பிராவே. இந்த நான்காவதற்கு நாம் கெட்டிக்காரிகள் என்று சொல்லலாம். ஆனால் தமிழ் இலக்கணத்தில் பன்மைக்குப் போய்விட்டால் பலர்பால் ஒன்றுதான். ஆண்கள் பலரா, பெண்கள் பலரா என்று "பாடினார்கள்" போன்ற வினைச்சொல்லின் ஈற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. இத்தாலியன் பன்மையிலும் பிரிக்கிறது.

ஆங்கிலத்தின் வழியாக இந்தச் சொல் நமக்கு வந்ததால், இதை "ஆஹா" மாதிரி ஓர் ஒலிக்குறிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். இத்தாலியருக்கு அது ஒலிக்குறிப்பு மட்டும் அல்ல, ஓர் ஆளைப் பற்றிச் சொல்லும் பெயரடை. "நீ திறமைசாலி" என்று எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது. அதனால்தான் எதிரே நிற்பது யார் என்பதைப் பொறுத்து ஈறு மாறுகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

எப்படி உச்சரிப்பது?

அழுத்தம் முதல் அசையில்: பிரா-வோ. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடைசி அசையை இழுத்து "வோஓ" என்று முடிப்பதுண்டு. இத்தாலியர் அப்படிச் சொல்வதில்லை. பெண்பால் பன்மையான பிராவே-யை ஆங்கிலச் சொல் போல "பிரேவ்" என்று படித்துவிடாதீர்கள். கடைசியில் வரும் "வே" தெளிவாகக் கேட்க வேண்டும்.

பத்துப் பெண்கள் பாடினார்கள், கூட ஒரே ஓர் ஆண். அப்போது?

பிராவி. ஓர் ஆண் சேர்ந்தாலே இலக்கணப்படி ஆண்பால் பன்மைதான். நியாயமா என்று கேட்டால், இத்தாலியப் பெண்கள் பலரும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் பதில். அரங்கில் நடைமுறை இதுதான்: முழு இசைக்குழு, சேர்ந்திசைக் குழு, திரை விழுந்தபின் எல்லோரும் கைகோத்து வந்து வணங்கும் தருணம், எல்லாவற்றுக்கும் "பிராவி!" அல்லது "பிராவி துத்தி!" துத்தி என்றால் எல்லோரும்.

பிராவே என்று சொல்ல வாய்ப்பு அபூர்வமாகத்தான் வரும். பெல்லினியின் நோர்மா ஓப்பராவில் நோர்மாவும் அடல்ஜீசாவும் சேர்ந்து பாடும் இரட்டைப்பாடல் ஒன்று உண்டு. இரண்டு பெண் குரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே மேலே போகும். அது முடிந்ததும் "பிராவே!" என்று ஒரு குரல் கேட்டால், சொன்னவர் மொழி தெரிந்தவர் என்று புரிந்துகொள்ளலாம்.

பெண் ஒருவர் ஆண் வேடத்தில் பாடினால் என்ன சொல்வது?

பிராவா. வேடத்துக்கு அல்ல, வேடம் போட்டவருக்குத்தான் பாராட்டு.

ஓப்பராவில் இது அடிக்கடி வரும் சந்தேகம். மோட்சார்ட்டின் ஃபிகாரோ ஓப்பராவில் வரும் கெருபீனோ ஒரு பையன். 1786இல் வியன்னாவில் அரங்கேறியதிலிருந்து அதைப் பெண்கள்தான் பாடிவருகிறார்கள். 1911இல் டிரெஸ்டனில் அரங்கேறிய ரிச்சர்ட் ஸ்டிராவுஸின் ரோசன்காவலியரில் வரும் ஒக்தாவியானும் அப்படியே. மேடையில் காற்சட்டையும் வாளுமாக வந்தாலும், கைதட்டலுக்கு வணங்க வரும்போது அவர் பாடகி. ஆகவே பிராவா.

எதிர்த்திசையிலும் இதே விதிதான். பெண் குரலின் உயரத்தில் பாடும் கவுண்டர்டெனர் ஆண்கள் இருக்கிறார்கள். கண்ணை மூடிக் கேட்டால் பெண் என்றே தோன்றும். அவருக்கு பிராவோ. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவையே மயக்கிய ஃபாரினெல்லி போன்ற காஸ்திராத்தோ பாடகர்களும் ஆண்களே. சிறுவயதிலேயே அறுவை செய்து குரல் உடையாமல் தடுக்கப்பட்டவர்கள். போப்பின் ஆட்சியில் இருந்த ரோமில் பெண்கள் மேடையேறத் தடை இருந்ததால், கதாநாயகி வேடத்தையும் இவர்களே கட்டினார்கள். அந்தக் குரல்களுக்குப் பின்னால் இருந்த வலியை நினைத்தால் கைதட்டவே மனம் வராது. ஆனால் அந்தக் காலம் கைதட்டியது.

இத்தாலியர் இதை அரங்கில் மட்டும்தான் சொல்வார்களா?

இல்லவே இல்லை. நான் இந்தச் சொல்லை உண்மையில் கற்றது எந்த அரங்கிலும் அல்ல, பொலோஞ்ஞா நகரத்துப் பேருந்து ஒன்றில். ஒரு பாட்டி இரண்டு பேரக்குழந்தைகளோடு ஏறினார். நான்கு வயதிருக்கும் பேத்தி, எக்கி நின்று, சீட்டை முத்திரையிடும் இயந்திரத்தில் நுழைத்தாள். "டக்" என்று சத்தம் வந்ததும் பாட்டி, "பிராவா!" அடுத்து அண்ணன்காரன் தன் சீட்டை நுழைத்தான். "பிராவோ!" இருவரும் சண்டை போடாமல் ஒரே இருக்கையில் ஒண்டி உட்கார்ந்துகொண்டார்கள். பாட்டி அலுப்போடு மூச்சு விட்டபடி, "பிராவி" என்றார். இலக்கணப் புத்தகத்தில் ஒரு மாதம் தடுமாறிய பாடம் மூன்று நிறுத்தங்களுக்குள் முடிந்துவிட்டது.

வீட்டில் குழந்தை அடம் பிடித்தால் பையனிடம் "ஃபாய் இல் பிராவோ", பெண்ணிடம் "ஃபாய் லா பிராவா" என்பார்கள். "சமத்தாக இரு" என்று பொருள். நல்ல மருத்துவர், கைதேர்ந்த குழாய் பழுதுபார்ப்பவர், பொறுப்பான மாணவி, எல்லோருக்கும் இதே சொல்தான். "நல்ல மனுஷன்" என்பதற்கு "உனா பிராவா பெர்சோனா" என்பார்கள். அங்கே ஆணைச் சொன்னாலும் பிராவாதான் வரும், ஏனென்றால் பெர்சோனா என்ற சொல்லே பெண்பால். மொழி படிப்பவர்கள் எல்லோரும் ஒருமுறை இடறும் இடம் இது.

தமிழோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். எழுபது வயது வித்வாம்சினி ஒருவரைப் பார்த்து "கெட்டிக்காரி!" என்று நாம் கூவ மாட்டோம், மரியாதைக் குறைவாகிவிடும். பிராவாவில் அந்தச் சிக்கல் இல்லை. பேத்திக்கும் அதுதான், உலகப் புகழ் பெற்ற பாடகிக்கும் அதுதான்.

பிராவோ என்றால் "வீரன்" இல்லையா?

இன்றைய இத்தாலியனில் முதற்பொருள் அது இல்லை. திறமை, நல்ல குணம், இவைதான். ஆனால் சொல்லின் பழைய வாழ்க்கை கரடுமுரடானது. பதினேழாம் நூற்றாண்டில் வட இத்தாலியின் லொம்பார்தியில் பிரபுக்கள் கூலிக்கு வைத்திருந்த அடியாட்களுக்கு "பிராவி" என்று பெயர். மன்சோனியின் புகழ்பெற்ற இத்தாலிய நாவலின் தொடக்கத்திலேயே, பயந்த சுபாவம் உள்ள பாதிரியார் ஒருவரை வழிமறித்து, "இந்தக் கல்யாணத்தை நடத்தி வைக்கக்கூடாது" என்று மிரட்டுவது அப்படிப்பட்ட இரண்டு பிராவிகள்தான். இத்தாலியப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த காட்சி.

ஸ்பானிய மொழியில் பழைய முரட்டுப் பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. கோஸ்தா பிராவா என்றால் முரட்டுக் கடற்கரை. பட்டாட்டாஸ் பிராவாஸ் என்ற காரமான உருளைக்கிழங்குக்கும் அதே பொருளில்தான் பெயர். பிரேசிலில் ஒருவர் பிராவோ என்றால் கோபமாக இருக்கிறார் என்று பொருள். ஆங்கிலத்தின் "பிரேவ்" பிரெஞ்சு வழியாக இதே இத்தாலியச் சொல்லிலிருந்து போனது. ஒரே சொல் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு குணத்தோடு குடியேறிவிட்டது.

எல்லோருக்கும் "பிராவோ" என்றே சொல்லிவிட்டால் தப்பா?

இத்தாலிக்கு வெளியே தப்பில்லை. பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், ஜப்பானியம் என்று பல மொழிகள் பிராவோவை மாறாத ஒரே வடிவில் எடுத்துக்கொண்டன. கடன் வாங்கிய சொல்லுக்குக் கடன் கொடுத்தவரின் இலக்கணத்தையும் சேர்த்து வாங்கியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாரிஸில் ஒரு பாடகிக்கு "பிராவோ" என்றால் அது நல்ல பிரெஞ்சு.

லண்டன், நியூயார்க், வியன்னா ஓப்பரா அரங்குகளில் இரண்டு பழக்கமும் உண்டு. 1711இல் ஹாண்டலின் ரினால்தோ லண்டனில் அரங்கேறிய காலத்திலிருந்தே இத்தாலிய ஓப்பராவும் அதன் சொற்களும் அங்கே ஊறிவிட்டன. ரசிகர்களில் ஒரு பகுதியினர் இத்தாலிய இலக்கணத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

இத்தாலியில் மட்டும் ஒரு பாடகியைப் பார்த்து "பிராவோ" என்றால் காதில் உறுத்தும். "நீ கெட்டிக்காரன்" என்று ஒரு பெண்ணிடம் சொன்னது போல. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வெளியூர்க்காரர் என்று புரிந்துகொள்வார்கள்.

என் கருத்தைக் கேட்டால், எந்த ஊரானாலும் பாடகிக்கு "பிராவா" என்று சொல்லவே எனக்குப் பிடிக்கும். அந்த "ஆ" ஒலியில், பாடியது இவர் என்று கவனித்த ஒருவரின் குரல் இருக்கிறது. ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் பிராவோ என்றால் தயவுசெய்து திருத்தாதீர்கள். அவர் மனம் நெகிழ்ந்து குரல் கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் இலக்கணம் சொல்வது அழகில்லை.

இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பாராட்ட?

பிராவிஸ்ஸிமோ, பிராவிஸ்ஸிமா, பிராவிஸ்ஸிமி, பிராவிஸ்ஸிமே. "மிக மிக" என்ற பொருள் சேரும். ஈற்று விதி அதேதான்.

பாட்டை மறுபடி பாடச் சொல்லி ரசிகர்கள் "ஆங்கோர்" என்கிறார்களே, அதுவும் இத்தாலியச் சொல்லா?

அது பிரெஞ்சு. ஆனால் பிரெஞ்சுக்காரர் மறுபடி பாடச் சொல்ல அதைப் பயன்படுத்துவதில்லை! அவர்கள் கேட்பது "பிஸ்!" இத்தாலியரும் ரஷ்யரும் அதையே சொல்கிறார்கள். பிஸ் லத்தீன், "இரண்டு முறை" என்று பொருள். ஆங்கிலேயருக்கோ பிரெஞ்சுச் சொல் வேண்டும். நம் ஊர் நாடகக் கொட்டகைகளில் கூட்டம் கேட்டது "ஒன்ஸ் மோர்!" ஆங்கிலேயர் மறந்தும் அப்படிக் கூவ மாட்டார்கள். மனம் நிறைந்து வழியும் நேரத்தில் ஏனோ எல்லோருக்கும் பக்கத்து வீட்டுச் சொல்தான் வாயில் வருகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

பிஸ் கேட்பது சாதாரண விஷயம் அல்ல. அதற்காகச் சட்டமே போட்டிருக்கிறார்கள். 1786 மே 1இல் ஃபிகாரோ அரங்கேறியபோது, ரசிகர்கள் பாட்டுக்குப் பாட்டு மறுபடி கேட்டு நிகழ்ச்சி நீண்டுகொண்டே போனது. சில நாட்களிலேயே பேரரசர் இரண்டாம் யோசஃப், ஒருவருக்கு மேற்பட்டோர் சேர்ந்து பாடும் எந்தப் பாட்டையும் திரும்பப் பாடக்கூடாது என்று உத்தரவிட்டார். 1903இல் மிலானின் லா ஸ்காலா ஓப்பரா அரங்கில் கூட்டம் விடாமல் பிஸ் கேட்டதால், இசைக்குழு நடத்துநர் தொஸ்கனீனி பாதியில் எழுந்து போய்விட்டார்.

அதே லா ஸ்காலாவில் 1933இல் ரஷ்யப் பாடகர் ஷல்யாப்பினுக்குப் பிறகு தனிப்பாடகர் யாரும் பிஸ் பாடியதில்லை. 2007 பிப்ரவரியில் பெரு நாட்டுத் தெனோர் (உயர்ந்த ஆண் குரல் பாடகர்) ஹுவான் தியேகோ ஃப்ளோரெஸ், தொனிசெத்தியின் ஓப்பரா ஒன்றில் வரும் "ஆ! மெ ஸாமி" பாட்டைப் பாடினார். அதில் ஒன்பது இடங்களில் உச்ச ஸ்தாயி "சி" சுரத்தைத் தொட வேண்டும். ஒவ்வொன்றும் ஓர் உயரத் தாண்டல். ஒன்று பிசகினாலும் அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். ஒன்பதையும் தொட்டார். கைதட்டல் அடங்கவே இல்லை. அவர் மறுபடி முதலிலிருந்து பாடினார், ஒன்பதையும் மறுபடி தொட்டார். எழுபத்து நான்கு வருட மௌனம் கலைந்தது.

எப்போது குரல் கொடுக்கலாம்?

இத்தாலிய ஓப்பராவில் ஒரு ஆரியா, அதாவது தனிப்பாடல், முடிந்த உடனே. கடைசிச் சுரம் ஓய்ந்தபின், முந்திக்கொள்ளாமல். சிம்ஃபனி என்றால் அதன் பகுதிகளுக்கிடையே அமைதி காப்பது இன்றைய வழக்கம். எல்லாம் முடிந்தபின் குரல் கொடுக்கலாம். வாக்னரின் பார்சிஃபால் ஓப்பராவில் முதல் அங்கத்துக்குப் பிறகு கைதட்டாமல் இருக்கும் மரபு பலகாலம் தொடர்ந்திருக்கிறது. 1882இல் பைராய்ட்டில் அதன் மலர்க்கன்னியர் காட்சி முடிந்ததும் ஒருவர் தன்னை மறந்து "பிராவோ!" என்று கூவ, பக்தியோடு உட்கார்ந்திருந்த கூட்டம் "உஷ்" என்று அடக்கியதாகவும், கூவியவர் வாக்னரே என்றும் சொல்வார்கள்.

முக்கியமாக, இத்தாலியில் விசில் அடிக்காதீர்கள். அங்கே விசில் என்றால் "பிடிக்கவில்லை" என்று பொருள். நம் ஊர்த் திரையரங்கு வழக்கத்துக்கு நேர் எதிர்.

பிடிக்காவிட்டால் இத்தாலிய ரசிகர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்களாமே?

ஆமாம். லா ஸ்காலாவின் மேல்மாடிக்கு லோஜ்ஜோனே என்று பெயர். மலிவுச் சீட்டு, ஆனால் அங்கே உட்காருகிறவர்களுக்கு ஒவ்வொரு சுரமும் மனப்பாடம். பிராவோவும் அங்கிருந்துதான் வரும், "பூ" என்ற கூச்சலும் அங்கிருந்துதான் வரும். 2006 டிசம்பரில் ஐதா ஓப்பராவின் முதல் ஆரியாவுக்குப் பிறகு மேல்மாடி கூச்சலிட, தெனோர் ரொபெர்தோ அலாஞா மேடையை விட்டு வெளியேறிவிட்டார். மாற்றுப் பாடகர் அந்தோனெல்லோ பலோம்பி வேடம் போட நேரமில்லாமல், உடுத்தியிருந்த உடையிலேயே வந்து நின்று பாடினார்.

காசு வாங்கிக்கொண்டு பிராவோ சொன்னவர்கள் உண்டா?

உண்டு. பாரிஸில் அதற்குக் கிளாக் என்று பெயர். 1830களில் பாரிஸ் ஓப்பராவில் ஓகுஸ்த் லவாசர் என்பவர் அதன் தலைவர். ஒத்திகைகளுக்கே போய், எங்கே கைதட்ட வேண்டும், எங்கே பிராவோ, எங்கே மௌனம் என்று திட்டமிட்டவர். சிரிப்பதற்கு ஆள், அழுவதற்கு ஆள், "பிஸ்" கேட்பதற்குத் தனி ஆள் என்று வேலைப் பிரிவினையே இருந்தது.

மாஎஸ்ட்ரோ, தீவா, விர்ச்சுவோசோ: இவற்றுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டா?

உண்டு. மாஎஸ்ட்ரோ (ஆசான்), மாஎஸ்ட்ரா, விர்த்துவோசோ (கைதேர்ந்த கலைஞர்), விர்த்துவோசா. தீவா என்றால் தேவி, ஆணுக்குத் தீவோ. வித்வான், விதுஷி என்ற ஜோடியை நினைத்துக்கொள்ளுங்கள். நாமும் வடமொழியிலிருந்து எடுத்த பட்டத்தை அதன் பாலோடு சேர்த்தே வைத்திருக்கிறோம்.

ஆனால் பட்டம் வேறு, பாராட்டு வேறு. பிராவா என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. பதவிப் பெயரில்தான் தகராறு. 2021 சான்ரேமோ இசை விழாவில் இசைக்குழு நடத்துநர் பெயாத்ரீச்சே வெனெட்ஸி, தன்னைப் பெண்பாலில் "திரெத்த்ரீச்சே" என்று அழைக்க வேண்டாம், "திரெத்தோரே" என்றே அழையுங்கள் என்றார். இத்தாலியே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. பெண்பால் வடிவத்தை மதிப்பாகப் பார்க்க வைக்கப் போராடியவர்களுக்கு அது வருத்தம் தந்தது. எனக்கும் அவர்கள் பக்கமே மனம் சாய்கிறது. ஆனால் தன்னை எப்படி அழைப்பது என்று சொல்லும் உரிமை அவருடையது.

ஆண், பெண் இரண்டிலும் தன்னை அடக்கிக்கொள்ளாத கலைஞருக்கு?

இத்தாலியன் இங்கே உண்மையாகவே திணறுகிறது. சிலர் ஈற்றில் உயிரெழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறியோ, "ஷ்வா" என்ற தலைகீழ் எழுத்தோ போடுகிறார்கள். பழமையான மொழிக் கழகமான அக்கதேமியா தெல்லா குருஸ்கா அதை ஏற்கவில்லை. எழுதினாலும், அரங்கில் உரக்கக் கூவ முடியாதே.

எளிய வழி இருக்கிறது. "கே பிராவூரா!" என்று சொல்லலாம்: "என்ன திறமை!" ஆளை விட்டுத் திறமையைப் புகழ்வதால் பால் பிரச்சினை எழாது. கலைஞர் தனக்கு எது வேண்டும் என்று சொல்லியிருந்தால், அதுவே சரி.

தமிழ்க் கலைஞருக்கு பிராவோ சொல்லலாமா?

தாராளமாக. ஆனால் சபாஷ் கையிலேயே இருக்கிறது. அதுவும் கடன்தான்: பாரசீகத்தில் "ஷாத் பாஷ்", "மகிழ்ந்திரு" என்று வாழ்த்து. பேஷ் கூட அந்தப் பக்கத்துச் சொல்தான். இரண்டுக்கும் ஆண்பால் பெண்பால் கிடையாது. பாடியவர் யாராக இருந்தாலும், எத்தனை பேராக இருந்தாலும் ஒரே சபாஷ்.